ஆல்தோ பிறந்த கதை

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு எழுதியவர்களுக்கு ஆங்கில இரண்டாம் தாள் என்றதும் ஓர் அட்டவணை நினைவுக்கு வரும். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வந்தால் சிம்பிள், ‘ஆல்தோ’ வந்தால் காம்ப்ளெக்ஸ், ‘பட்’ வந்தால் காம்பவுண்ட். டியூஷன் சார் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதிவிடுவார். நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். அந்தக் கட்டங்களுக்குள் வருகிற ஆள் எப்போதும் ஏழையாக இருப்பான், எப்போதும் நேர்மையாகவும் இருப்பான். ஏழையின் நேர்மையில் அப்படி என்ன அதிசயம் என்று அந்த வயதில் யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் வந்தால் போதும்.

எனக்கு மதிப்பெண் போனது வேறு இடத்தில். காம்ப்ளெக்ஸ் கட்டத்தில் முன்னால் ‘ஆல்தோ’ போட்டேன், நடுவில் ‘பட்’டும் போட்டேன். சார் சிவப்பு மையால் ‘பட்’டைச் சுழித்து, “ரெண்டும் வேணாம்டா, ஏதாச்சும் ஒண்ணு” என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சிவப்புச் சுழிதான் வெகுநாள் கழித்து என்னை ‘ஆல்தோ’வின் பூர்வீகத்தைத் தேட வைத்தது.

முதலில் அந்தப் ‘பட்’ ஆங்கிலேயர் காதில் எப்படி விழுகிறது என்று பார்த்துவிடலாம். வாக்கியத்தின் தொடக்கத்தில் ‘ஆல்தோ’ காதில் பட்ட உடனே, ஆங்கிலம் தாய்மொழியானவர் ஒரு கணக்கை மனதில் எழுதிக்கொள்கிறார்: இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ளப் போகிறார், அடுத்து அதற்கு மாறான ஒன்றைச் சொல்லப் போகிறார். முதல் பாதி முடிகிற இடத்தில் பேசுபவரின் குரல் கீழே இறங்கி உட்காராது. இறங்குவதுபோல் இறங்கித் திரும்ப மேலே எழும். அந்த எழுச்சியே ‘இன்னும் இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகும் ‘பட்’ வந்தால், மாடிப்படி முடிந்ததை அறியாமல் இன்னொரு படிக்குக் காலைத் தூக்கி வைத்தவரின் நிலைதான். விழமாட்டார். ஆனால் ஒரு கணம் குலுங்கும்.

இந்தக் குலுக்கலைத் தமிழ்க் காதாலும் உணரலாம். ‘மழை பெய்தாலும் ஆனால் அவர் வந்தார்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உதைக்கிறது. அப்படியென்றால் தமிழில் செய்யாத தவற்றை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் செய்கிறோம்? இலக்கணப் புத்தகங்கள் ‘தாய்மொழித் தாக்கம்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகின்றன. என் ஊகம் வேறு. தமிழில் விட்டுக்கொடுப்பதற்கான குறி, வினைச்சொல்லின் வாலில் ஒட்டிய ‘உம்’. அது இரண்டு செய்திகளும் சந்திக்கிற மூட்டில் உட்கார்ந்திருக்கிறது: பெய்தாலும் என்பது முடிகிற இடமும் வந்தார் என்பது தொடங்குகிற இடமும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் அந்தக் குறி வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. மூட்டில் ஒன்றும் இல்லை, ஒரு காற்புள்ளியைத் தவிர. தமிழ் நாக்கு அங்கே வந்து தடவிப் பார்க்கிறது, வெறுமையாக இருக்கிறது, கையில் கிடைத்த ‘பட்’டைச் செருகிவிடுகிறது.

மூட்டு வெறுமையாக இருப்பது நமக்கு மட்டும் உறுத்தவில்லை. சீன மொழியில் முன்னால் ‘சுய்ரான்’, நடுவில் ‘தான்ஷி’ என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதே முறை. அதனால்தான் சீன மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளிலும் இதே ‘பட்’ இதே இடத்தில் சிவப்பு மை வாங்குகிறது. இன்னும் வேடிக்கை, பழைய ஆங்கிலேயர்களுக்கும் அது உறுத்தியிருக்கிறது. அதைச் சொல்ல ஆயிரம் ஆண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்த சொல்லை ஏறத்தாழ ‘தேயாஹ்’ என்று எழுதலாம். கடைசி எழுத்து தொண்டையில் உரசும் ஒலி, நம் ஆய்தத்துக்குப் பக்கத்து வீடு. ஜெர்மானியக் குடும்பம் முழுக்க இதன் உறவுகள் உண்டு: ஜெர்மானியர் இன்றும் நாளுக்கு நூறு முறை சொல்லும் ‘டோஃ’ இதன் உடன்பிறப்பு. ‘தேயாஹ்’ தன்னோடு வருகிற வினையைப் பெரும்பாலும் ஐயப்பாட்டு வடிவில்தான் வைத்துக்கொள்ளும், நடந்த செய்தியாக இருந்தாலும்கூட. அதனால் ‘மழை பெய்தும்’ என்பதும் ‘மழையே பெய்தாலும்’ என்பதும் அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு ஒரே சொல்லில் அடங்கின. பிற்பாடுதான் நடந்ததற்கு ‘ஈவன் தோ’, நடக்கக்கூடியதற்கு ‘ஈவன் இஃப்’ என்று பாகம் பிரித்தார்கள். நாம் பேச்சில் இரண்டுக்கும் ‘பெய்தாலும்’ என்றே சொல்லிப் பழகியதால் இந்தப் பாகப்பிரிவினை இன்றுவரை நமக்குக் குழப்பம்.

அந்தத் ‘தேயாஹ்’ தனியாக வரவில்லை என்பதுதான் என் கதைக்கு முக்கியம். முன்பாதியில் ஒரு ‘தேயாஹ்’, பின்பாதி தொடங்கும்போது ‘இருந்தும்’ என்ற பொருளில் இன்னொரு ‘தேயாஹ்’ அல்லது அதைப்போல் ஒன்று. ஜோடி ஜோடியாக எழுதியிருக்கிறார்கள். சார் அன்று சிவப்பு மையோடு போயிருந்தால் பாதிக் கையெழுத்துப் பிரதிகள் சிவந்திருக்கும்.

பிறகு ‘தேயாஹ்’வுக்கே போட்டி வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங்குகள் படையோடு வந்து இங்கிலாந்தின் கிழக்கிலும் வடக்கிலும் குடியேறினார்கள். கொள்ளையடிக்க வந்தவர்கள் நிலம் உழுது பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இரண்டு மொழிகளும் ஓரளவுக்குப் பங்காளி மொழிகள், சந்தையில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியும். ‘தே’, ‘தெம்’, ‘தேர்’ என்று ஆங்கிலத்தில் இன்று பலர்பாலுக்கு இருக்கும் சொற்கள் அவர்கள் கொடுத்தவை. ஒரு மொழி அடுத்தவரிடம் பெயர்ச்சொல் வாங்கலாம், நாம் பேனாவும் ஜன்னலும் வாங்கியதுபோல. ‘அவர்கள்’ என்ற சொல்லையே வாங்குவது வேறு ரகம். அடுப்படிவரை வந்துவிட்ட உறவில்தான் அது நடக்கும். அந்த வழியாகத்தான் அவர்களுடைய நார்ஸ் மொழியின் ‘தோ’வும் உள்ளே வந்தது, பழைய ‘தேயாஹ்’வின் இடத்தைப் பிடித்தது. இன்று ஆங்கிலத்தில் இருக்கும் ‘தோ’ என்ற வடிவம் அந்த நார்ஸ் வாடை அடிப்பது.

இதற்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் லிங்கன்ஷயர் பக்கம் ஓர்ம் என்ற துறவி பைபிள் வாசகங்களுக்கு விளக்கமாக நீண்ட செய்யுள் ஒன்று எழுதினார். தன் பெயரையே வைத்து ‘ஓர்முலம்’ என்று தலைப்பிட்டார். கவிதை என்று பார்த்தால் கொட்டாவி வரும். ஆனால் மனிதர் உச்சரிப்பில் விடாப்பிடிக்காரர். குறிலுக்குப் பின் வரும் மெய்யை இரட்டித்தே எழுதுவார், படிப்பவர் தவறாக நீட்டிவிடக் கூடாதே என்று. அதனால் அவர் காலத்தில் எது குறில், எது நெடில் என்று நமக்குத் தெரிகிறது. அவர் எழுதியது ‘தொஹ்ஹ்’. தொண்டை உரசல் இன்னும் போகவில்லை, உயிர் மட்டும் வடக்கத்தியது ஆகிவிட்டது.

அடுத்தது ‘ஆல்’. முழுக்க, எல்லாம் என்று பொருள்படும் சாதாரணச் சொல். பதினான்காம் நூற்றாண்டில் அழுத்தம் வேண்டிய இடத்தில் ‘தோ’வுக்கு முன்னால் இதைச் சேர்த்தார்கள். வெறும் ‘தோ’ என்றால் ‘இருந்தாலும்’. ‘ஆல் தோ’ என்றால் ‘என்னதான் இருந்தாலும்’. நம் ‘என்னதான்’ செய்யும் வேலையை அவர்களுடைய ‘ஆல்’ செய்தது. சாசர் காலத்தில் ‘ஆல்’ தனியாகவே நின்றும் இதே பொருளைத் தந்தது. ‘ஆல் பீ இட்’ என்று மூன்று சொல்லாக இருந்தது ‘ஆல்பீயிட்’ ஆனது. நேராகச் சொன்னால் ‘அது முழுக்க அப்படியே இருக்கட்டும்’. நாம் வாக்குவாதத்தில் ‘இருக்கட்டும்… ஆனா நான் என்ன சொல்றேன்னா’ என்று தொடங்குவோமே, அதே ‘இருக்கட்டும்’.

அழுத்தச் சொற்களுக்கு ஆயுள் குறைவு. 1400 வாக்கில் ‘ஆல் தோ’வின் காரம் போய்விட்டது, வெறும் ‘தோ’வுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் ஆயிற்று. தனிப் பொருள் போனதும் இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதினார்கள். ‘ஆல்தோ’ பிறந்தது இப்படித்தான்: நார்ஸ்காரரின் ‘தோ’, அதன்மேல் வலுவிழந்த ஒரு ‘என்னதான்’. பிற்பாடு மறுபடி காரம் தேவைப்பட்டபோது ‘ஈவன் தோ’ வந்தது.

ஒலியும் தேய்ந்தது. தொண்டை உரசல் மெல்ல மெல்ல மறைந்துபோக, அதற்காக எழுதிய இரண்டு எழுத்துகள் மட்டும் எழுத்தில் தங்கிவிட்டன. இன்று உலகெங்கும் குழந்தைகள் அவற்றை மனப்பாடம் செய்து அழுகின்றன. அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இது பொறுக்கவில்லை. 1906 ஆகஸ்டில் அரசு அச்சகத்துக்கு ஆணை போட்டார்: எளிமையாக்கப்பட்ட 300 சொற்களை இனி அரசு ஆவணங்களில் புது எழுத்தில் அச்சிடுங்கள். ‘தோ’வும் ‘ஆல்தோ’வும் வால் நறுக்கப்பட்டு அந்தப் பட்டியலில் இருந்தன. பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் முறைத்தது, டிசம்பருக்குள் அதிபர் பின்வாங்கினார். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் 1934-இல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தானே தொடங்கி, 1975 வரை தாக்குப்பிடித்து, அதுவும் கைவிட்டது. இன்று அந்த நறுக்கிய ‘தோ’ குறுஞ்செய்திகளில் சிறுவர்கள் கைக்கு வந்துவிட்டது. அதிபரால் முடியாததைக் கட்டைவிரல் முடித்துவிட்டது.

‘ஆல்தோ’வின் ஜோடி என்ன ஆனது? உடனே மறையவில்லை. முன்னால் ‘தோ’, மூட்டில் ‘யெட்’ என்ற இணை நெடுங்காலம் கௌரவமாக வாழ்ந்தது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், யோபுவின் நூலில், கடவுளே கொன்றாலும் அவரையே நம்புவேன் என்று யோபு சொல்கிற புகழ்பெற்ற இடம் அந்த இணையில்தான் அமைந்திருக்கிறது. இன்றும் ‘தோ… யெட்’ என்று எழுதினால் ஆங்கிலேயர் காதில் பிழையாக விழாது. கொஞ்சம் பழைய வாடை, பிரசங்க வாடை, அவ்வளவுதான். ‘பட்’டுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘யெட்’ ஒரு வினையடை, எங்கும் ஒட்டிக்கொள்ளும். ‘பட்’ சமமான இரண்டு வாக்கியங்களைக் கோக்கிற கயிறு, ஏற்கெனவே ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிட்டவற்றைக் கோக்கப் போனால் உறுத்தும். இலக்கண விளக்கம் அது. எனக்கென்னவோ பழக்கம்தான் பெரிய காரணம் என்று தோன்றுகிறது.

இத்தகைய வாக்கியத்துக்கு இலக்கணத்தார் வைத்த பெயர் லத்தீனில் ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலாம் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குவின்டிலியன் இதை ஓர் உத்தியாகவே குறிப்பிடுகிறார்: நமக்குப் பாதகமான ஒன்றைக்கூட ஒப்புக்கொள்வதுபோல் காட்டுவது, வழக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று தெரியட்டும் என்பதற்காக. நம் ஊரில் ‘ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம்’ என்பார்கள். எதையும் கொடுப்பதில்லை, கொடுப்பதுபோல் கையை நீட்டுவது.

எக்கெஹார்ட் கோனிக் என்ற ஜெர்மன் மொழியியலாளர் 1980-களில் பல மொழிகளின் இந்தச் சொற்களை அடுக்கி வைத்துப் பார்த்தார். காரணம் சொல்லும் சொற்களைப்போல் அல்லாமல், இவற்றைப் பிரித்தால் உள்ளே இருக்கும் துண்டுகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது அவர் கண்டது. எங்கிருந்தோ ஓட்டுத்துண்டும் செங்கல்லும் பொறுக்கி வந்து கட்டிய சுவர்போல. லத்தீனின் ‘குவாம்விஸ்’ உள்ளே ‘நீ விரும்பும் அளவு’ என்று இருக்கிறது. இன்னொரு லத்தீன் சொல்லான ‘லிகெட்’டின் நேர்ப்பொருள் ‘அனுமதி உண்டு’. பிரெஞ்சின் ‘மால்க்ரே’ கெட்ட எண்ணம். ஸ்பானியரின் ‘அ பெசார் தெ’ துயரம். ஜெர்மனின் ‘ட்ரோட்ஸ்’ எதிர்த்து நிற்றல். தமிழின் ‘பெய்தாலும்’, ‘ஆல்’ என்ற நிபந்தனை விகுதியும் ‘உம்’ என்ற இடைச்சொல்லும் சேர்ந்தது. ‘உம்’முக்குத் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது, அத்தனை வேலைக்கு நடுவில் இதையும் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு: ஆங்கிலப் ‘பட்’டுக்கு நாம் சொல்லும் ‘ஆனால்’கூட ‘அப்படி ஆகுமானால்’ என்ற நிபந்தனைதான். எதிர்மறைக்கான தனிச்சொல்லாக அதை நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் அட்டவணையின் முதல் கட்டத்தில் இருந்த ‘இன் ஸ்பைட் ஆஃப்’ பிறவியிலேயே சண்டைக்காரன். லத்தீனில் ‘கீழ்நோக்கிப் பார்த்தல்’, அதாவது இளக்காரம். அது பழைய பிரெஞ்சில் ‘தெஸ்பீ’ ஆகி, ஆங்கிலத்தில் ‘டெஸ்பைட்’ ஆகி, தலை தேய்ந்து ‘ஸ்பைட்’ ஆனது. முதலில் ஒருவரை அவமதித்து, அவர் தடுத்தும் செய்வது என்று பொருள். மனிதரை இகழலாம். மழையை எப்படி இகழ்வது? அதையும் செய்தார்கள். இன்று ஆங்கிலேயர் யாரும் மழையை அவமதிப்பதாக நினைத்து இதைச் சொல்வதில்லை. ஆனால் ‘ஸ்பைட்’ என்ற சொல் வன்மம் என்ற பொருளில் தனியே உயிரோடு இருப்பதால், ‘ஆல்தோ’வைவிட இதில் கொஞ்சம் விறைப்பு காதில் படும். நம் நாளிதழ்களின் ‘கடும் எதிர்ப்பையும் மீறி’ இதற்கு நெருக்கமான உறவு.

இந்தக் குடும்பத்தில் அரசியலுக்குப் போனவர் ஒருவர் உண்டு: ‘நாட்வித்ஸ்டாண்டிங்’. ‘எதிர்த்து நில்லாமல்’ என்று பொருள். லத்தீன் ‘நோன் ஒப்ஸ்டாந்தே’வை அப்படியே சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வார்த்தது. அந்த லத்தீன் வாசகம் போப்பாண்டவர் அலுவலகத்தின் செல்லப் பிள்ளை. இன்னாருக்கு இந்தப் பதவி தருகிறோம், இதற்கு முன் வந்த எந்தச் சட்டமும் சலுகையும் சத்தியமும் தடையாகாது என்று கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. 1253-இல் போப் நான்காம் இன்னசென்ட் தம் உறவினர் ஒருவருக்கு லிங்கன் தேவாலயத்தில் பதவி கொடுக்கச் சொல்லி இங்கிலாந்துக்கு எழுதினார். லிங்கனின் ஆயர் ராபர்ட் க்ரோஸ்டெஸ்ட் மறுத்துப் பதில் எழுதினார். அதில் அவர் குறிவைத்துத் தாக்கியவற்றில் ஒன்று, அடுக்கடுக்காக வந்த இந்த ‘தடையாகாது’ வாசகம். இணைப்புச் சொல் ஒன்றை எதிர்த்து ஓர் ஆயர் போப்பின் ஆணைக்கே மறுப்பு எழுதியது இலக்கண வரலாற்றில் சேர்க்க வேண்டிய செய்தி.

ராஜாக்கள் சும்மா இருப்பார்களா? மூன்றாம் ஹென்றி அதே வாசகத்தைத் தம் ஆணைகளில் எடுத்துக்கொண்டார். பின்வந்தவர்களும் விடவில்லை. ‘நாடாளுமன்றச் சட்டம் என்ன சொன்னாலும், இவருக்கு இது செல்லும்’ என்று மன்னர் எழுதினால் அவருக்கு அது செல்லும். 1686-இல் இது முற்றியது. கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் மன்னர், சர் எட்வர்ட் ஹேல்ஸ் என்ற இன்னொரு கத்தோலிக்கருக்குச் சட்டத்தை மீறிப் படையில் பதவி கொடுத்தார். வழக்கு வந்தது, நீதிபதிகள் மன்னர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். 1688 டிசம்பரில் மன்னர் நாட்டைவிட்டே ஓடினார். 1689-இன் உரிமைச் சாசனம், இனிமேல் ‘நோன் ஒப்ஸ்டாந்தே’ என்று எழுதி எந்தச் சட்டத்துக்கும் விலக்குக் கொடுக்க முடியாது, அந்தச் சட்டமே அனுமதித்தால் ஒழிய, என்று அந்த வாசகத்தின் பெயரைச் சொல்லியே பூட்டிவிட்டது.

மன்னர் கையிலிருந்து போன சொல் நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தது. கனடாவின் 1982 உரிமைச் சாசனத்தில் 33-ஆம் பிரிவை அந்நாட்டவர் ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ பிரிவு என்றே அழைக்கிறார்கள். இந்திய அரசமைப்புச் சட்டத்திலும் இந்தச் சொல் பல இடங்களில் உண்டு, தமிழாக்கத்தில் ‘எது எவ்வாறிருப்பினும்’ என்று வரும். 343-ஆம் உறுப்பைப் பாருங்கள். முதல் கூறு இந்தியை ஆட்சிமொழி ஆக்குகிறது. இரண்டாம் கூறு ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று தொடங்கி, ஆங்கிலத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை கொடுக்கிறது. மூன்றாம் கூறும் அதே சொல்லில் தொடங்கி, தவணைக்குப் பிறகு என்ன செய்வது என்பதை நாடாளுமன்றத்திடம் விடுகிறது. 1963-இன் ஆட்சிமொழிகள் சட்டம், அந்தத் தவணை முடிந்தாலும் ஆங்கிலம் தொடரலாம் என்று மறுபடி இதே சொல்லை வைத்தது. அதில் ‘மே’ என்று இருக்கிறதே, ‘ஷல்’ என்று இல்லையே என்று அண்ணாவும் மற்றவர்களும் எழுப்பிய கேள்வியும், 1965-இல் தமிழ்நாடு கொந்தளித்ததும், 1967-இல் சட்டத்தைத் திருத்தியதும் நமக்குத் தெரிந்த வரலாறு. டெல்லியில் ஆங்கிலம் உட்கார்ந்திருப்பது இந்த ‘உம்’மையின் மடியில்.

இன்னொரு சிறு விஷயம். ஆங்கிலத்தின் விட்டுக்கொடுக்கும் சொற்களில் பெயருக்குப் பின்னாலும் நிற்கக்கூடியது இது ஒன்று: ‘ஹிஸ் அப்ஜெக்‌ஷன்ஸ் நாட்வித்ஸ்டாண்டிங்’. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதுதான் எளிதாக வர வேண்டும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

‘வைல்’ பூனை நடையில் வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ஒரு பொழுது, சிறிது நேரம் என்ற பெயர்ச்சொல். பிறகு ‘அந்த நேரத்தில்’, பிறகு ‘அதே நேரத்தில்’, பிறகு ‘ஆயினும்’. வில்லியம் ஸ்ட்ரங்க் என்ற கார்னெல் பேராசிரியர் 1918-இல் மாணவர்களுக்காக அச்சிட்ட நடைக் கையேட்டில், இதைக் கண்ட இடத்தில் ‘ஆல்தோ’வுக்குப் பதிலாகப் போடாதீர்கள் என்று கண்டித்தார். யாரும் கேட்கவில்லை. காரணம் அதன் மென்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை, சண்டை இல்லை என்ற பாவனை. அதனால்தான் வேலை மறுப்புக் கடிதங்கள் ‘வைல் வி அப்ரிஷியேட்’ என்று தொடங்குகின்றன. ஆங்கிலேயர் அந்த முதல் சொல்லைப் பார்த்ததுமே கடிதத்தை மடித்துவிடுவார். நாமோ பாராட்டு என்று நினைத்து இரண்டாவது வரிவரை சந்தோஷமாகப் படிப்போம்.

சொல்லே இல்லாமல் விட்டுக்கொடுப்பதும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் ஒலியியல் பேராசிரியர் ஜே. சி. வெல்ஸ் 2006-இல் ஆங்கில இசைப்போக்கைப் பற்றி எழுதிய புத்தகத்தில், குரல் இறங்கி ஏறும் போக்குக்கு ஒரு உட்குறிப்பு இருப்பதை விளக்குகிறார். சாப்பாடு எப்படி என்று கேட்டால் ‘இட்ஸ் குட்’ என்று குரலை இறக்கி முடித்தால் நன்றாக இருக்கிறது. இறக்கி, கடைசியில் லேசாக ஏற்றினால் ‘நல்லாத்தான் இருக்கு’. உப்போ காரமோ சரியில்லை. சொல்லாத ‘பட்’ அந்த ஏற்றத்தில் இருக்கிறது. நாம் ‘தான்’ என்ற ஓரசைச் சொல்லை வைத்துச் செய்வதை அவர்கள் ராகத்தால் செய்கிறார்கள். அந்த ராகம் பிடிபடாததால் ஆங்கிலேய மேலாளரின் ‘குட்’டை நம்பி ஏமாந்த தமிழ்ப் பொறியாளர்களை எனக்குத் தெரியும்.

எதை முன்னால் சொல்கிறோம் என்பதும் அவர்கள் காதில் கனமாக விழும். ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ பகுதியை முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். பரிந்துரைக் கடிதத்தில் ‘ஆல்தோ ஹி இஸ் ஸ்லோ, ஹி இஸ் ஆனஸ்ட்’ என்றால் வேலை கிடைக்க வாய்ப்புண்டு. அதே சொற்களை ‘ஹி இஸ் ஆனஸ்ட், ஆல்தோ ஹி இஸ் ஸ்லோ’ என்று மாற்றினால் படித்து முடித்தவர் மனதில் தங்குவது ‘ஸ்லோ’. கடைசியில் வருவது காதில் நிற்கும். தமிழில் விட்டுக்கொடுப்பது முன்னால், தீர்ப்பு பின்னால் என்பதே இயல்பான வரிசை. தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் வாக்கியத்தையே திருப்பிக் கட்ட வேண்டும்: ‘நேர்மையானவராக இருந்தாலும் மெதுவாகச் செய்பவர்.’ மனதில் இருப்பது வெளிப்படையாகிவிடும். ஆங்கிலத்தில் பின்குறிப்புபோல் ஒட்டிவிட்டு அப்பாவியாக இருக்கலாம்.

பேச்சில் ‘தோ’ இன்னும் பின்னால் நகர்ந்து, வாக்கியத்தின் கடைசிக்கே போய்விட்டது. ‘நைஸ் ஹவுஸ், தோ’. ‘ஆல்தோ’வுக்கு அந்த இடம் கிடையாது. கடைசியில் வரும் ‘தோ’, குற்றம் சொன்ன பிறகு தோளில் தட்டிக் கொடுப்பதுபோல, அல்லது பாராட்டிவிட்டுக் காதைத் திருகுவதுபோல. பெண் பார்த்துவிட்டு வந்த பெரியம்மா ‘எல்லாம் சரிதான்… இருந்தாலும்…’ என்று இழுப்பாரே, அந்த இழுவைக்கு மிக அருகில் இருக்கிறது.

இதெல்லாம் அவர்களுக்கும் கருவிலேயே வந்ததல்ல. ஜெனீவாவில் ழான் பியாஜே பிரெஞ்சு பேசும் குழந்தைகளிடம் ‘ஆல்தோ’வுக்கு இணையான சொல்லோடு அரைகுறை வாக்கியங்களைக் கொடுத்து முடிக்கச் சொன்னார். 1924-இல் அவர் வெளியிட்ட நூலில் முடிவுகள் உள்ளன. பல பிள்ளைகள் அந்தச் சொல்லை ‘ஏனென்றால்’ என்பதுபோல் எடுத்துக்கொண்டார்கள். காரணம் சொல்வதைப் பிடித்துக்கொள்கிற வயதில் இது பிடிபடுவதில்லை. ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள, ‘வழக்கமாக என்ன நடக்கும்’ என்ற சொல்லாத விதி ஒன்று தலைக்குள் ஏற்கெனவே இருக்க வேண்டும்.

அந்தச் சொல்லாத விதியில்தான் எங்கள் பத்தாம் வகுப்பு ஏழை மாட்டிக்கொண்டான். ‘ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன்’ என்றால், ஏழை என்றால் நேர்மை இருக்காது என்பது சொல்லாமல் சொன்ன விதி. ஆங்கிலக் காதிலும் தமிழ்க் காதிலும் அது ஒன்றுபோலத்தான் விழுகிறது. அந்த உதாரணத்தை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று அட்டவணை போடுகிற எல்லா டியூஷன் சார்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

விடைத்தாள் திருத்துகிறவர்களிடம் இன்னொரு வேண்டுகோள். ‘ஆல்தோ’வுக்குப் பிறகு ‘பட்’ வந்தால் தாராளமாகச் சுழியுங்கள், இன்றைய ஆங்கிலத்தில் அது தவறுதான். அங்கே ஒரு பிள்ளை ‘யெட்’ என்று எழுதியிருந்தால் மதிப்பெண்ணைப் பிடிக்காதீர்கள். 1611-லேயே அது அச்சேறிவிட்டது.